செத்ததாக எழுதப்பட்ட பெண்

பெரியதனம் அப்பய்யாவைக் கையில் தந்தியோடு அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் நிறுத்திவிட்டுப் போன வாரம் நாம் பிரிந்தோம். மதுரைக்கு முதல் பஸ் வந்தது, ஏறிவிட்டார். ஜன்னலோரம் மனைவி லிங்கம்மாள். அவளுக்குப் பக்கத்தில், இருக்கையில் முதுகு படாமல் நிமிர்ந்து அவர்.

அறுபத்திரண்டு வயதாகியும் அந்த முதுகு வளைந்ததில்லை. நெசவாளர் தெருவில் பங்காளிச் சண்டை வந்தாலும் சரி, சம்பந்தி வழக்கு வந்தாலும் சரி, கோயில் கூட்டத்தில் தெருத் தலைவரான அவர் வாய் திறந்தால் அதோடு முடிந்தது. "பெரியதனம் சொல்லிட்டாக, பெறகென்ன" என்று எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போவார்கள்.

அவருடைய ஒரே மகள் ராமலட்சுமிக்கு இது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தடவை கரு தங்கவில்லை. முந்தின நாள் மத்தியானம், முகமும் காலும் வீங்கி, கண் இருட்டிப் புருஷன் வீட்டு அடுப்படியில் விழுந்துவிட்டாள். மருமகன் வெங்கடரமணன் வாடகைக் கார் பிடித்து மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். பெற்றவர்களை உடனே வரச் சொல்கிறார் டாக்டரம்மா என்று அவன்தான் தந்தி கொடுத்திருந்தான்.

டாக்டரம்மா என்ன கேட்பார் என்பது இருவருக்கும் தெரியும். இருபது வருஷமாகத் தெரியும்.

ஐம்பத்து நாலில், நாலு வயதுக் குழந்தையின் இடுப்புப் பக்கம் கல் மாதிரி ஒரு கட்டி. மதராஸில் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டியையும் அதோடு ஒட்டியிருந்த ஒரு சிறுநீரகத்தையும் எடுத்தார்கள். பிறகு ஆறு வாரம் கரண்டு என்று ஊரில் சொல்கிற கதிர் வைத்தியம் செய்தார்கள். புற்றுநோய் என்று அங்கே சொன்னதை, அந்தக் குடும்பத்தில் யாரும் இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்போது அப்பய்யாவின் தங்கைகள் இரண்டு பேர் கல்யாணத்துக்கு இருந்தார்கள். அந்த நோய் வந்த வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்?

அதனால் தறியில் ஏற்றும் பாவு நூலுக்கு விறைப்பேற்றக் காய்ச்சிய கஞ்சி குழந்தை மேல் கொட்டிவிட்டது, அதற்குத்தான் மதராஸில் வைத்தியம் என்று தெருவுக்குச் சொன்னார். பாவுக்குக் கஞ்சி காய்ச்சாத வீடு அந்தத் தெருவில் இல்லை. கஞ்சி பட்டு வெந்த குழந்தையும் புதிதில்லை. நம்பினார்கள். ராமலட்சுமியைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கும் அதே கஞ்சிதான் ஊற்றப்பட்டது.

பஸ் புறப்பட்டுப் பாலம் தாண்டியதும் லிங்கம்மாள் பேசத் தொடங்கினாள். முன்னால் இருந்தவர்களுக்குப் புரியக் கூடாதென்று வீட்டுப் பேச்சான தெலுங்கில், தலையைக் குனிந்துகொண்டு, இன்றைக்காவது உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றாள். பிள்ளைக்கு மேலா நம் மானம் என்றும் கேட்டாள்.

அவர் மேல்துண்டை மடியில் இன்னொரு மடிப்பு மடித்துக்கொண்டார்.

காரியாபட்டியில் பஸ் கால் மணி நேரம் நின்றது. இறங்க வேண்டாம் என்றுதான் இருந்தார். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கேட்டது.

"பெரியதனம், நமஸ்காரம்."

சென்னகேசவன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜவுளித் துண்டுக் கடை போட்டிருப்பவர். மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அதே நெசவாளர் தெருவில் ஆறு தறி ஓட்டியவர். மகளுக்குக் காக்காய்வலிப்பு இருப்பதை மறைத்துக் கட்டிக்கொடுத்தார் என்று வழக்கு வந்தது. கோயில் கூட்டத்தில் ஊரார் முன்னால் அவரை விழுந்து கும்பிட வைத்தவர் அப்பய்யா. பெண்ணைக் கொடுக்கிறவன் நோயைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மறைத்தவன் சபைக்கு ஆகாதவன் என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சொன்னபோது ராமலட்சுமிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

சென்னகேசவன் பழசு எதையும் பேசவில்லை. நேற்றுக் கார் இந்த வழியாகப் போனபோது வெங்கடரமணன் இறங்கித் தண்ணீர் வாங்கியதாகவும், விஷயம் தெரியும் என்றும் சொன்னார். இரண்டு டம்ளர் காப்பி வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தார். லிங்கம்மாள் அவர் மகளை விசாரித்தாள். வீட்டோடு இருக்கிறாள், தையல் மிஷின் ஓட்டுகிறாள், வலிப்பு இப்போது மாத்திரையில் அடங்கியிருக்கிறது என்றார்.

"நம்ம பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது, பெரியதனம். உங்க நேர்மைக்கு ஒரு குறையும் வராது."

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த மனிதர் மெய்யாகவே சொன்னார். டம்ளரைப் பாதியோடு திருப்பிக் கொடுத்தார். பஸ் கிளம்பிய பிறகும் சென்னகேசவன் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றிருந்தார்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் சண்முகவடிவின் அறை சின்னது. ஐம்பது வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. வெங்கடரமணன் ஏற்கனவே அங்கே இருந்தான். விசைத்தறி பழுது பார்க்கிறவன். முந்தின நாள் சட்டையையே போட்டிருந்தான், கையில் இன்னும் எண்ணெய்க் கறை. மாமனாரைக் கண்டதும் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தான்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. பெண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, ரத்தத்தில் உப்பு கூடியிருக்கிறது, சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்றார். சின்ன வயதில் ஏதாவது பெரிய நோய் வந்ததா என்று கேட்டால், கணவர் கஞ்சிக் கதை சொல்கிறார்.

"கஞ்சி கொட்டினா தோல் வேகும். தையல் விழாது" என்றார். "இந்தப் பொண்ணுக்கு விலாவிலேருந்து முன்வயிறு வரைக்கும் ஆபரேஷன் தழும்பு இருக்கு. சுத்திலும் தோல் சதுரமாக் கறுத்திருக்கு. கஞ்சி சதுரமாக் கொட்டுமா, பெரியவரே?"

அப்பய்யா தொண்டையைச் செருமிக்கொண்டார். இருபது வருஷம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் தானாக வந்தது. பாவுக்குக் கஞ்சி காய்ச்சும்போது என்று தொடங்கினார்.

"கட்டிங்க, டாக்டரம்மா."

லிங்கம்மாள்தான். கணவர் பேசும்போது இடையில் பேசி அறியாதவள். அதுவும் தமிழில், எல்லோருக்கும் விளங்கும்படி.

"நாலு வயசுல வகுத்துல கட்டி. மதராஸ்ல எடுத்தாங்க. ஒரு கிட்னியயும் சேத்து எடுத்துட்டாங்க. பெறகு ஆறு வாரம் கரண்டு வச்சாங்க. நாந்தான் கூட இருந்தேன். பிள்ளைய மட்டும் உள்ள விட்டுட்டுக் கதவ அடச்சிருவாங்க. அழக் கூடாது, அசையக் கூடாதுன்னு சொல்லி விடுவேன். அசையாமக் கெடக்கும்."

வெங்கடரமணன் மாமியாரையும் பார்க்கவில்லை, மாமனாரையும் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் மேஜை மேலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா கோபப்பட்டிருந்தால் அப்பய்யாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த அம்மாள் குரலைத் தணித்துக்கொண்டார். அந்தக் காலத்தில் அந்த நோயிலிருந்து ஒரு பிள்ளையைப் பிழைக்க வைத்ததே பெரிய காரியம் என்றார். ஆனால் நோய் போனாலும் வைத்தியம் பட்ட இடம் வைத்தியம் பட்ட இடம்தான். கரண்டு பட்ட உறுப்பு, பிள்ளை வளர்கிற மாதிரி வளராது. பத்து வருஷம், இருபது வருஷம் கழித்துக்கூடக் கோளாறு காட்டும். கர்ப்பப்பை சரியாக விரியாததால்தான் முதல் இரண்டும் தங்காமல் போயிருக்கலாம். வெங்கடரமணன் தலை நிமிர்ந்தது அப்போதுதான். அந்த இரண்டுக்கும் அவன் தாயார் ராமலட்சுமியின் ராசியைக் குறை சொல்லியிருந்தாள்; அவனும் தடுத்ததில்லை.

இப்போது தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று என்றார் டாக்டரம்மா. மிச்சமிருக்கிற ஒற்றைச் சிறுநீரகத்திலும் அன்றைக்குக் கரண்டு பட்டதா, எவ்வளவு பட்டது? படவில்லை என்றால் மருந்து கொடுத்து நாலைந்து வாரம் தள்ளலாம், குழந்தையும் பிழைக்கும். பட்டிருந்தால் தள்ளக் கூடாது. தாய் போய்விடுவாள். உடனே குழந்தையை எடுக்க வேண்டும். ஏழு மாதத்துக் குழந்தை, பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

"அந்த விவரமெல்லாம் மதராஸ்ல எழுதி வச்சிருப்பாங்க. பிழைச்ச பிள்ளைகளை அவங்க விடறதில்லை. வருஷா வருஷம் வந்து காட்டச் சொல்லிக் கடிதம் போடுவாங்களே, வரலையா?"

"வந்துச்சு" என்றாள் லிங்கம்மாள். "பெறகு நின்னுபோச்சு. இனிமே வர வேண்டியதில்லன்னு அவங்களே எழுதிட்டதா இவுக சொன்னாக."

"அப்படி எழுத மாட்டாங்களே" என்று டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். பிறகு, சரி, அர்ஜெண்ட் டிரங்க் கால் போட்டுக் கேட்டுவிடுகிறேன், ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும், வெளியே இருங்கள் என்று சொல்லி எழுந்தார்.

நடையில் ஒரு மரப் பெஞ்சு. மூன்று பேரும் அதில் உட்கார்ந்தார்கள். லிங்கம்மாள் கண்ணை மூடித் தெய்வத்தை வேண்டிக்கொண்டாள். மனசில் இருந்ததை இறக்கிவைத்துவிட்ட நிம்மதி அவள் முகத்தில் கொஞ்சம் இருந்தது. அவளைப் பொறுத்தவரை மறைத்தது ஒன்றுதான். அதைச் சொல்லியாயிற்று.

அப்பய்யாவுக்கு இன்னொன்று இருந்தது.

மதராஸிலிருந்து வந்தவை உறையிட்ட கடிதங்கள் அல்ல, தபால் கார்டுகள். பிள்ளையின் பெயர், வந்து காட்ட வேண்டிய தேதி, ஆஸ்பத்திரியின் பெயர் எல்லாம் திறந்த மேனிக்கு எழுதியிருக்கும். தபால்காரர் சோணைமுத்து கெட்டவர் அல்ல. எழுத்துத் தெரியாத வீடுகளுக்குப் படித்துச் சொல்லிப் பழகியவர். பாவு நீட்டியிருக்கும் தெருவில் நடந்துகொண்டே எல்லாக் கார்டையும் உரக்கப் படித்துவிடுவார். எட்டு வருஷம் அப்பய்யா தெருமுனையிலேயே அவரை மடக்கிக் கார்டுகளை வாங்கி அடுப்பில் போட்டார். ஒரு தடவைகூடப் பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டவில்லை. நன்றாகத்தானே ஓடியாடுகிறாள் என்று லிங்கம்மாளுக்குச் சமாதானம் சொன்னார்.

அறுபத்திரண்டு மாசியில், வீடு நிறைய உறவினர் கூடியிருந்த ஒரு நாள், கார்டு அவர் கைக்கு வராமல் மூத்த மைத்துனர் கைக்குப் போய்விட்டது. அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள் அப்பய்யா பிடுங்கிக்கொண்டார். மறுநாள் தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தார். கையெழுத்து அழகாக இருக்கும் அவருக்கு.

'தாங்கள் விசாரிக்கும் பெண் காலமாகிவிட்டாள். இனிக் கடிதம் எழுத வேண்டாம்.'

அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. அன்றைக்கு அவர் நடுங்கவில்லை, அழவில்லை. நிம்மதியாகச் சாப்பிட்டார். இப்போது இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கையில் அவரைச் சுட்டது அதுதான். பெற்ற பிள்ளையைச் சாகடித்து எழுதிவிட்டு, மோருக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் கேட்டு வாங்கியது நினைவிருந்தது.

டாக்டரம்மா போனில் கேட்பதற்குள் சொல்லிவிட வேண்டும். எழுந்து பத்தடி நடந்தால் போதும். இரண்டு முறை எழப் பார்த்தார்.

வெங்கடரமணன் பேசினான், முகத்தைத் திருப்பாமலே.

"சென்னகேசவன் மாமா வழக்கு நடந்தப்ப நான் கூட்டத்துல முன்வரிசையில இருந்தேன், மாமா. உங்க தீர்ப்பக் கேட்டு, இப்பிடி ஒரு மனுசர் வீட்டுல பொண்ணெடுத்தோமேன்னு எனக்கு அம்புட்டுப் பெருமை."

அப்பய்யா அதன்பின் எழ முயலவில்லை.

ஒரு மணி நேரம் என்றது இரண்டரை மணி நேரம் ஆயிற்று. டாக்டரம்மா வெளியே வந்தபோது கையில் ஒரு துண்டுத் தாள் இருந்தது. மூவரும் எழுந்தார்கள்.

"ராமலட்சுமி, தகப்பனார் அப்பய்யா, அருப்புக்கோட்டை. ஐம்பத்து நாலு. பேரேட்டுல பேர் இருக்கு. ஆனா அந்தப் பிள்ளை அறுபத்திரண்டுலேயே இறந்துபோச்சாம். அப்பாவே கடிதம் போட்டிருக்கார்னு சொல்றாங்க." தாளை மறுபடி பார்த்தார். "அதே ஊர்ல அதே பேர்ல வேற யாராவது இருந்தாங்களா? தப்பா மாத்தி எழுதியிருக்கலாம்."

தப்பிக்க ஒரு வழி தானாகத் திறந்து நின்றது. ஆமாம், இருக்கலாம் என்று ஒரு சொல் போதும். ஊரில் அப்பய்யாக்கள் எத்தனையோ பேர். அந்தச் சொல் அவர் நாக்கு வரைக்கும் வந்ததை மறைத்து எழுதுவது இந்தக் கதைக்கு அழகல்ல, வந்தது.

"வேற யாருமில்ல" என்றார். "நாந்தான் எழுதினேன்."

"எதை எழுதினீங்க?" டாக்டரம்மாவுக்கு உடனே விளங்கவில்லை.

"எம் மக செத்துப்போனதா."

லிங்கம்மாள் அழவில்லை, திட்டவில்லை. பெஞ்சில் தனக்கும் அவருக்கும் நடுவில் வைத்திருந்த, ஊரிலிருந்து கொண்டுவந்த சோற்றுக் கூடையை எடுத்துக்கொண்டு எதிர்ச்சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். நாற்பது வருஷத்தில் அவள் அவரை விட்டு விலகி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

டாக்டரம்மா குரலில் இப்போது தணிவு இல்லை. இறந்தவர்களின் காகிதங்களைத் தனியாகக் கட்டி வேறு கட்டடத்தில் போட்டிருக்கிறார்களாம்; போனில் கேட்டதற்கெல்லாம் எடுத்துப் பார்க்க முடியாதாம். அது பொய் என்று எழுதியவரே கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு ஓர் ஆள் நேரில் வர வேண்டும். போய் எடுக்க இரண்டு நாளாவது ஆகும். அந்த இரண்டு நாளை இந்தப் பெண்ணின் உடம்பு கொடுக்குமா என்று தெரியாது. பத்து நிமிஷத்தில் கிடைத்திருக்க வேண்டிய விஷயம் என்றார்.

அங்கேயே நின்றபடி, டாக்டரம்மா கொடுத்த தாளில் அப்பய்யா எழுதினார். அறுபத்திரண்டாம் வருஷம் நான் எழுதியது பொய், என் மகள் உயிரோடு இருக்கிறாள் என்று இரண்டு வரி. எழுதி முடிப்பதற்குள் அழகான அந்தக் கையெழுத்து இரண்டு இடத்தில் கோணிவிட்டது.

"உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "அவ உடம்பைப் பத்தி ஊருக்கே தெரிஞ்ச பிறகு அவ தெரிஞ்சுக்கக் கூடாது. பதமாச் சொல்லுங்க, ஆனா மறைக்காதீங்க."

வார்டில் இருபது கட்டில்கள். கடைசிக்கு முந்தினதில் ராமலட்சுமி. முகம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. அவர் கட்டிலோரம் நின்று தெலுங்கில், மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினார். கட்டியைச் சொன்னார். அவள் தலையசைத்தாள். கட்டி விஷயம் தனக்குத் தெரியும், அம்மா தனியாக அழுதபோது கேட்டிருக்கிறேன், நீங்கள் கஞ்சி என்று சொல்லச் சொன்னதால் நானும் கஞ்சி என்றே சொன்னேன் என்றாள்.

பிறகு கடிதத்தைச் சொன்னார். எப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. சொல்லி முடித்தபோது கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார்.

அவள் வீட்டுப் பேச்சில் பதில் சொல்லவில்லை. தமிழில் கேட்டாள், பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்க்கும்படி.

"எப்ப எழுதுனீங்க, நாயனா?"

"அறுபத்திரண்டு. மாசி."

அவள் கணக்குப் பார்த்தாள். வெகு நேரம் ஆகவில்லை.

"அது எனக்குச் சடங்கு சுத்துன மாசமில்ல?"

அவர் தலையை ஆட்டினார்.

"புதுச்சேலை கட்டி, மாலை போட்டு உக்கார வச்சிருந்தீங்களே. அன்னைக்கா?"

"மறுநாள்."

நர்ஸ் ஒருத்தி வந்து அவள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். நர்ஸ் போனதும், மதராஸுக்கு யார் போவது என்று ராமலட்சுமி கேட்டாள். தானே போவதாகவும், சாயங்கால ரயிலைப் பிடித்துவிடுவேன் என்றும் அவர் சொன்னார். இதையாவது தன் கையால் செய்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இருந்தது.

"வேணாம்" என்றாள். குரலில் கோபமில்லை. மருந்து எத்தனை வேளை என்று சொல்வது போலச் சொன்னாள். "அவுக போகட்டும். நீங்க போனா அங்க எழுதியிருக்கிறதுல பாதிய வழியிலயே மறச்சிருவீங்க. எனக்கு முழுசாத் தெரியணும்."

ஊரில் எத்தனையோ பேர் அவர் வாக்கை நம்பித் தறிகளைப் பங்கு பிரித்திருக்கிறார்கள், சம்பந்தம் பேசியிருக்கிறார்கள். பெற்ற மகளுக்கு அந்த வாக்கு வேண்டாம். அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பு இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஆகட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

நடையில் வெங்கடரமணன் தயாராக நின்றிருந்தான். மடித்த தாளை அவர் நீட்டினார். அவன் பிரித்துப் படித்தான். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் படித்தான். பிறகு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தரையில் இருந்த மாமியாரிடம் குனிந்து, ராமலட்சுமிக்கு உப்பில்லாத கஞ்சிதான் கொடுக்க வேண்டும், டாக்டரம்மாவிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள் என்றான். மாமனார் பக்கம் அவன் திரும்பவில்லை.

"மாப்பிள்ளை" என்றார் அப்பய்யா. "எப்பத் திரும்பி வாரீங்க?"

"அந்தக் காயிதம் கெடச்ச ஒடனே டாக்டரம்மாவுக்கு டிரங்க் கால் போட்டு, அதுல உள்ளத அப்பிடியே படிச்சுச் சொல்லிருதேன்."

மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் கீழே போய் ஓய்ந்தது. கேட்ட கேள்விக்கு அவன் பதில் சொல்லவில்லை என்பது அதற்கப்புறம்தான் அப்பய்யாவுக்கு உறைத்தது.